பழைய முதலாளி போனில் என்ன சொல்வார்?

போட்டோ கொப்பி எடுத்து, விண்ணப்பம் நிரப்பி, சி.வி. அடித்துக் கொடுக்கும் கடைகளுக்கு எங்கள் பக்கத்தில் 'கொமினிகேஷன்' என்று பெயர். ஹட்டனில் அப்படி ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். கொழும்புக்கு வேலை தேடிப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேராவது பஸ் ஏறுவதற்கு முன் இந்த மாதிரிக் கடை ஒன்றில் ஏறி இறங்கித்தான் போவார்கள்.

போன மாதம் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் ஸ்டோரில் இரண்டரை வருடம் வேலை செய்தவர். பிளாஸ்டிக் ஃபைலுக்குள்ளிருந்து ஒரு சர்வீஸ் லெட்டரை எடுத்து நீட்டினார். "அண்ணே, இதுல எதாச்சும் கெட்டதா எழுதியிருக்காங்களா? எனக்கு இங்லிஷ் அவ்வளவா வராது."

வாசித்தேன். ஐந்தே வரி. பெயர், அடையாள அட்டை இலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, பார்த்த வேலை. கெட்டதாக ஒரு எழுத்துகூட இல்லை. சிக்கலும் அதில்தான். வழக்கமாக ஒரு சேவைக் கடிதத்தின் கடைசியில் மூன்று சங்கதிகள் வரும். ஏன் விலகினார், நடத்தை எப்படி இருந்தது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். இந்தத் தம்பியின் கடிதத்தில் மூன்றுமே காணோம். ஆள் எடுக்கிற இடத்தில் பத்துக் கடிதம் வாசித்துப் பழகிய ஒருவர் இதைப் பார்த்தால், கை தானாகப் போனை எடுக்கும்.

என்ன நடந்தது என்று கேட்டேன். ஏப்ரல் மாதம், சீசன் உச்சத்தில், ஸ்டோரில் சாமான் குறைகிறது என்று ஒரு தகராறு. குறைந்ததைச் சம்பளத்தில் வெட்டுவோம் என்றிருக்கிறார்கள். தம்பிக்குக் கோபம் வந்து சாவிக்கொத்தை மேசையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நோட்டீஸ் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து யாரையோ பிடித்து இந்த ஐந்து வரிக் கடிதத்தை வாங்கியிருக்கிறார். கொடுக்கும்போது முகாமையாளர் சொன்னாராம்: "எங்க போனாலும் எனக்கு ஒரு போன் வரும். அப்போ பாத்துக்குறேன்."

இந்த ஒரு வசனத்தைக் கேட்டுப் பயந்துபோனவர்கள் மலையகத்தில் நிறையப் பேர். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் நம் ஆட்கள் செய்கிற காரியங்கள், முதலாளி போனில் சொல்லக்கூடியதைவிட அதிகம் கெடுக்கின்றன என்பது இந்த நாற்காலியிலிருந்து நான் பார்த்தது.

துண்டும் பத்துச்சீட்டும்

பழைய முதலாளியின் சீட்டு இல்லாமல் புதிய இடத்தில் காலெடுத்து வைக்க முடியாது என்ற பயம் நமக்குப் பாட்டன் காலத்திலிருந்து வருகிறது. கோப்பி, தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் எழுத்துகளிலும் அந்தத் தமிழ்ச் சொல்லையே அப்படியே எழுதினார்கள். ஒரு கங்காணியும் அவருக்குக் கீழே உள்ள ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இருக்கிற தோட்டத்துத் துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கொடுப்பார். 'இவ்வளவு ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன்' என்பதுதான் அதன் சாரம். ஆள் நல்லவரா, வேலை தெரிந்தவரா என்ற பேச்சு அதில் முக்கியமில்லை. காகிதத்தில் இருந்தது ஒரு தொகை. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் அவர்கள் தலையிலேயே தொடர்ந்து ஏறும்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இந்தத் துண்டு முறையை ஒழித்தது. ஆனாலும் தோட்டத்தை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கும் விடுவிப்புச் சீட்டு, அதாவது பற்றுச்சீட்டு, மக்கள் வாயில் 'பத்துச்சீட்டு' ஆகி இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. துரையை எதிர்த்துப் பேசினவனுக்குப் பத்துச்சீட்டு, சங்கம் சேர்த்தவனுக்குப் பத்துச்சீட்டு. வேலை போனால் தோட்டத்து வரிசை வீடான லயமும் போகும். லயம் போனால் அடுப்பு வைக்க இடமில்லை. அதனால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் பிள்ளை வேலையை விட்டுவிட்டு வந்தால் முதலில் கேட்பது, "அங்க மூஞ்ச முறிச்சிக்காம வந்தியா?" என்றுதான்.

இன்றைய சர்வீஸ் லெட்டர் அந்தத் துண்டு ஆகாது. அது இல்லாமல் ஒருவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று தனியார் துறையில் யாரும் தடை போடவில்லை. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளைக் கட்டிப்போடவும் முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் கடிதத்துக்காக முன்னாள் முதலாளியின் வாசலில் மாதக்கணக்கில் நிற்கிறார்கள்.

போனில் யார் பேசுகிறார்

பெரிய கம்பனி என்றால் கதை வேறு. சர்வதேசத் தொடர்புள்ள ஹோட்டல் குழுமங்கள், வங்கிகள், பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் ஆளணிப் பிரிவு என்று ஒன்று இருக்கும். அங்கே விசாரித்தால் பெரும்பாலும் சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவி, இந்த மூன்றோடு வாயை மூடிக்கொள்வார்கள். நல்லெண்ணத்தால் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வழக்குக்குப் பயந்துதான். பிரித்தானியாவில் ஸ்பிரிங் என்ற காப்புறுதி விற்பனையாளருக்கும் கார்டியன் அஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 1994இல், அப்போது அங்கே கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஊழியரைப் பற்றிச் சான்று எழுதும் முதலாளி கவனமாக எழுதக் கடமைப்பட்டவர், கவனமில்லாமல் தவறாக எழுதி அதனால் அவருக்கு நட்டம் வந்தால் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டாது. ஆனால் 'திகதியையும் பதவியையும் மட்டும் சொல்' என்ற பழக்கம் பெரிய நிறுவனங்களில் பரவியதற்கு இப்படியான வழக்குகளும் ஒரு காரணம்.

ஆக, ஐந்து வரிக் கடிதம் என்றாலே குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சில இடங்களில் எல்லோருக்குமே அதுதான். உங்களோடு வேலை செய்து, சண்டை சச்சரவில்லாமல் விலகிய ஒருவரின் கடிதத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருக்கும் ஐந்து வரி என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். அவருக்கு எட்டு வரியும் உங்களுக்கு ஐந்தும் என்றால் யோசிக்க வேண்டும். தம்பியிடம் இதைச் சொன்னபோது அங்கேயே ஒருவருக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. எட்டு வரி.

மலையகத்து நகரங்களில் உண்மையான விசாரணை கடிதத்தில் நடப்பதில்லை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல்காரர் பண்டாரவளையில் இன்னொரு ஹோட்டல்காரரைக் கூப்பிடுவார். இருவரும் ஒரே இடத்தில் மரக்கறி வாங்குகிறவர்கள், ஒரே கல்யாணத்துக்குப் போகிறவர்கள். "உங்க கிட்ட இருந்த ஒரு பையன் வந்திருக்கான், எப்படி?" என்பது கேள்வி. "ஆ... அவனா..." என்று ஒரு இழுவை. அதற்குப் பிறகு "பரவாயில்ல, எடுத்துப் பாருங்க" என்று சொன்னாலும் காரியம் முடிந்துவிட்டது. அந்த இழுவைக்கு எதிராக எந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போடுவது?

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. இலங்கையில் அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டுவிட்டன. அதனால் பொலிசுக்குப் போய்ப் பயனில்லை. மிச்சம் இருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அது ரோமன் டச்சுச் சட்டத்தின் வழி வந்தது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒரு முதலாளி, ஆள் எடுக்கப்போகும் இன்னொரு முதலாளி கேட்டதற்குப் பதிலாகச் சொன்னதற்குச் சட்டம் ஒரு பாதுகாப்பும் வைத்திருக்கிறது. உண்மை என்று நம்பி, வன்மம் இல்லாமல் சொன்னால் அவர் தப்பிக்கலாம். வன்மம் இருந்தது என்று காட்டும் சுமை உங்கள் தலையில். போனில் பேசியதைக் கேட்ட ஒரே ஆள் உங்களை எடுக்காமல் விட்டவர். அவர் உங்களுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறுவாரா? பொய்யான திருட்டுப் பழியை எழுத்திலேயே கொடுத்திருந்தால் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். மற்றபடி வழக்கு என்ற யோசனையை ஓரமாக வைத்துவிடுவதே புத்தி என்பது என் அபிப்பிராயம்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதலாளி சொல்வதை நம்மால் அடக்க முடியாது. ஆனால் அவர் சொல்லாமலே உங்கள் வேலையை நிரூபிக்கும் காகிதங்கள் உண்டு. அதில் முதல் காகிதம் ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று. நாங்கள் ஈ.பி.எஃப். என்று சொல்வது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் அந்த நிதிக்குப் போக வேண்டும். பணம் மத்திய வங்கியில் இருக்கிறது, கூற்றும் அங்கிருந்துதான் வருகிறது. எந்த இடத்தில், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை உங்களுக்காகப் பணம் கட்டினார்கள் என்பதை உங்கள் பழைய முகாமையாளர் விரும்பினாலும் அழிக்க முடியாது. தம்பிக்கு அவருடைய கூற்றை எடுத்துக் காட்டியபோது இரண்டரை வருடமும் வரிசையாக இருந்தது. "அப்போ அவரு லெட்டர் இல்லாட்டியும் நான் அங்க வேல செஞ்சேன்னு இருக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அடுத்து நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பயிற்சிச் சான்றிதழ்கள், சம்பளம் கூட்டியபோது கொடுத்த கடிதம். சம்பளம் கூட்டிய கடிதத்தைப் பலர் தூக்கி எறிந்துவிடுவார்கள். அது பொன் மாதிரி. உங்களைப் பற்றி நல்லபடி சொல்ல மறுக்கிற அதே முதலாளி, ஒரு காலத்தில் உங்கள் வேலை பிடித்துப்போய்க் காசு கூட்டிக் கொடுத்தார் என்பதற்கு அவருடைய கையெழுத்திலேயே சாட்சி.

வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் இன்னொரு காகிதம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுங்கு நடவடிக்கையாக ஒருவரை நிறுத்தினால், அதற்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். முந்தின 12 மாதத்தில் குறைந்தது 180 நாள் வேலை செய்திருந்தால்தான் இந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். "எதுக்கு எழுத்து, பேசாம போயிரு, நானும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார்கள். அதை நம்பிப் போனவர் ஆறு மாதம் கழித்துத் திருடிவிட்டு ஓடியவர் ஆகிவிடுவார். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் 'வருகை ஒழுங்கில்லை' என்று இருந்தால், பின்னால் போனில் 'களவு' என்று மாற்றுவது அவருக்கே கஷ்டம்.

நோட்டீஸ் இல்லாமல் வந்துவிட்டவர்களுக்கு வேறொரு கடிதம் தபாலில் வரும். வேலையைக் கைவிட்டவராகக் கருதுகிறோம் என்பார்கள், ஆபீஸ் பேச்சில் 'வேக்கேஷன் ஒஃப் போஸ்ட்'. தோட்டத்து விலாசத்துக்கு வரும் தபால் எத்தனை கை மாறி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அது கையில் கிடைத்தவுடன் பதில் எழுத வேண்டும். தம்பிக்கு வந்த கடிதத்தை அம்மா அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தாராம். பதில் போடும் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. பரவாயில்லை, தாமதமாக என்றாலும் நடந்ததை அடக்கமாக எழுதி, திட்டாமல், கொப்பி வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன்.

இன்னொரு பேரத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் முடித்தவர்களிடம் நடப்பது இது. "கிரட்டுயிட்டி கிரட்டுயிட்டின்னு லேபர் ஆபீசுக்கு அலையாத, நல்லதா ஒரு லெட்டர் போட்டுத் தாறேன்." ஏமாந்துவிடாதீர்கள். கிரட்டுயிட்டி என்பது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உரிமை. நீங்களாகவே விலகினாலும் உரிமைதான். மோசடி, கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் என்ற மாதிரிக் காரணங்களால் நட்டம் வந்திருந்தால் மட்டும் அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். ஒரு தாள் கடிதத்துக்காகப் பத்து வருடத்து உழைப்பை விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தையும் நான்தான் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.

லேபர் ஆபீஸ் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் இருக்கிறது. முறைப்பாடு கொடுத்தால் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அப்படிப் பேசித் தீர்க்கிறபோது பலரும் காசை மட்டுமே பார்க்கிறார்கள். கடிதத்தையும் அந்தத் தீர்வுக்குள்ளேயே கேளுங்கள். என்னென்ன வசனங்கள் இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். சம்பள பாக்கியில் கொஞ்சம் இறங்கி வரத் தயாராக இருக்கும் முதலாளிக்கு இரண்டு வசனம் சேர்ப்பது பெரிய செலவில்லை. பேச்சு சரிவராமல் அநியாயமாக வேலையை நிறுத்தியதற்காகத் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் அதற்குக் கெடு உண்டு. தள்ளிப் போடாமல் ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சட்டத்தரணிதான் வேண்டும் என்றில்லை, தொழிற்சங்கப் பிரதிநிதியும் உங்களுக்காகப் பேசலாம்.

ரெஃபரி இருவர்

விண்ணப்பத்தின் அடியில் உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்பார்கள். நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சமாதான நீதவானையும் பாடசாலை அதிபரையும் போடுவார்கள். ஏதோ ஒரு சங்கத்து மாவட்டத் தலைவர் பெயரையும் சிலர் போடுவதுண்டு. அவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் போன் வந்தால் "நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்பதைத் தாண்டி அவர்களால் என்ன சொல்ல முடியும்? ஸ்டோரில் கணக்கு எப்படி வைப்பார் என்று அதிபருக்குத் தெரியுமா?

கெட்ட பேச்சு வரலாம் என்று பயப்படுகிறவருக்கு வேலைத்தலத்திலிருந்தே ஒருவர் வேண்டும். அது முகாமையாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு மேலே இருந்த சுப்பவைசர், இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்ட பழைய ஸ்டோர் கீப்பர், சாமான் கொண்டு வந்து இறக்கிய சப்ளையர், எல்லோரும் ஆவார்கள். அங்கிருந்து போய்விட்டவர் என்றால் இன்னும் நல்லது, அவருக்கு யாரைப் பார்த்தும் பயமில்லை. பெயர் போடும் முன் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்கும்போது எந்த வேலைக்குப் போகிறீர்கள், என்ன கேட்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போன் வந்தால் நல்லவரும் தடுமாறுவார். தடுமாற்றம் கேட்பவர் காதில் இழுவையாகத்தான் விழும்.

'இப்போதைய அல்லது முன்னைய முதலாளியைத் தொடர்புகொள்ளலாமா' என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். இப்போது வேலை செய்கிற இடம் என்றால் 'நியமனம் உறுதியான பிறகு' என்று எழுதலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விலகி வந்த இடத்துக்கு 'வேண்டாம்' என்று எழுதினால்தான் சந்தேகம் கிளம்பும். 'ஆம்' என்று எழுதிவிட்டு நடந்ததை நாமே முந்திச் சொல்வது நல்லது.

இந்த முந்திச் சொல்வதைப் பற்றி எனக்கே ஒரு பாடம் உண்டு. கொமினிகேஷனுக்கு வரும் முன் நான் ஒரு லீசிங் கம்பனியில் வசூல் வேலை பார்த்தேன். எந்தக் கம்பனி என்பது வேண்டாம். மாதக் கடைசியில் டார்கெட் வரவில்லை என்று லயத்து அக்காமார் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடச் சொன்னார்கள். எனக்கு அது முடியவில்லை, விலகினேன். அடுத்த இன்டர்வியூவில் விலகிய காரணம் கேட்டார்கள். அரை மணி நேரம் பழைய மேனேஜரின் வண்டவாளத்தை எல்லாம் கொட்டினேன். எதிரில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் நினைத்தேன், ஆள் என் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று. வேலை கிடைக்கவில்லை. நாளைக்கு இவன் என்னைப் பற்றியும் இப்படித்தான் இன்னொருவரிடம் கொட்டுவான் என்று அவர் நினைத்திருப்பார் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது.

அதனால் தம்பியிடம் இரண்டு மூன்று வசனத்துக்கு மேல் போகக் கூடாது என்றேன். அவர் கதைக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேடியது இது: "சேர், அங்க கடைசியா ஒரு ஸ்டொக் கணக்குல முகாமையாளருக்கும் எனக்கும் ஒத்துவரல்ல. நான் நோட்டீஸ் குடுக்காம வந்தது என்னோட பிழை. இரண்டரை வருஷம் அந்த ஸ்டோர என்கூட பாத்த சுப்பவைசர் நம்பர் இதுல இருக்கு, அவர்கிட்டயும் கேளுங்க." அவ்வளவுதான். பிழை எங்கே இருக்கிறதோ அங்கே ஒத்துக்கொள்வது, செய்யாத பிழையை ஒத்துக்கொள்ளாமல் இருப்பது, அடுத்து ஒரு நம்பர். இதைக் கேட்ட பிறகு அந்த ஹோட்டலுக்குப் போன் போனாலும், "ஆ... அவனா..." என்பது கேட்பவருக்குப் புதுச் செய்தியாக இருக்காது.

முதல் தடவை சொல்லிப் பார்த்தபோது 'என்னோட பிழை' என்ற இடத்தில் தம்பிக்குத் தொண்டை அடைத்தது. "நான் எடுக்கல அண்ணே, ஒரு சீனிப் பக்கட்டுகூட எடுக்கல" என்றார். அதுதான் விஷயம். நோட்டீஸ் கொடுக்காததை ஒத்துக்கொண்டால் களவையும் ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டுவதற்கே அன்றைக்கு அரை நாள் போனது.

நான் செய்ய மறுக்கிற வேலைகளும் இருக்கின்றன. இன்னொரு ஹோட்டலின் லெட்டர்ஹெட் மாதிரி ஒன்று அடித்துத் தா என்று கேட்டு வருவார்கள். வெளிநாடு போகிறவர்கள் அனுபவக் கடிதத்துக்காக அதிகம் கேட்பார்கள். ஏஜென்சிக்காரரே அனுப்பி வைப்பதும் உண்டு. இப்போதெல்லாம் கடிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் எடுத்துப் பார்க்கிறார்கள். சண்டை போட்டு விலகியதை மன்னிக்கும் முதலாளிகள் நிறைய இருக்கிறார்கள், பொய்க் கடிதத்தை மன்னிப்பவரை நான் கண்டதில்லை. இன்னும் சிலர், பழைய இடத்துக்குத் தன் மச்சானை விட்டுப் புது முதலாளி மாதிரிப் பேசச் சொல்லி, என்ன சொல்கிறார்கள் என்று வேவு பார்ப்பார்கள். அந்த மச்சானின் குரலை அங்கே அடையாளம் கண்டுபிடித்த கதையும் ஹட்டனில் நடந்திருக்கிறது. அதைவிட நேராக அந்த ஆபீசுக்குப் போன் எடுத்து, "என்னைப் பத்தி யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க மிஸ்?" என்று கேட்டுவிடலாம். பாதி இடங்களில் பதில் வரும். கேட்டதாலேயே கொஞ்சம் அடக்கிச் சொல்வார்கள்.

அந்த வேலையைச் சி.வி.யிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் கேட்பார்கள். மூன்று வாரம், ஒரு மாதம் நின்ற இடமென்றால் எடுத்துவிடுங்கள், பெரிய பாவமில்லை. இரண்டரை வருடத்தை எடுத்தால் அந்த ஓட்டை கண்ணைக் குத்தும்.

கொழும்பில் வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண் பிள்ளைகளுக்கு மேலே சொன்னதில் முக்கால்வாசி உதவாது. அங்கே கடிதமும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. கூட்டிப்போன தரகரின் வாய்தான் சான்றிதழ். ஒரு மோதிரம் காணாமல் போய், பிறகு குளியலறையில் கிடைத்தாலும், 'அந்த வீட்டில் ஒரு பிரச்சினை' என்ற பேச்சு தரகரோடு அடுத்த வீட்டுக்கும் போகும். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். பிரச்சினை இல்லாத காலத்திலேயே அந்த வீட்டு நோனாவிடம் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, இந்தப் பிள்ளை இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறாள், நம்பிக்கையானவள் என்று. தீபாவளி லீவுக்கு வரும்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சண்டை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

தம்பியின் சி.வி. இரண்டு பக்கத்தில் முடிந்தது. சுப்பவைசரின் பெயரை ரெஃபரி இடத்தில் போட்டேன். அவர் இப்போது எல்லப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருக்கிறாராம். போனில் கேட்டபோது, "போடு போடு, ஆனா நான் பன்னெண்டு மணிக்கு மேல எடுக்க மாட்டேன், லன்ச் டைம்" என்றிருக்கிறார். அதனால் நம்பருக்குப் பக்கத்தில் 'காலை 9 முதல் 11 வரை' என்று சேர்த்துத் திரும்பவும் ஒரு பிரின்ட் எடுத்தோம். முதல் பிரின்டுக்குக் காசு வாங்கவில்லை.